ஆனைப்பாறைக்கு வயசு பார்த்த கதை

மந்தம்பாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். "கதவைச் சாத்திட்டு வா" என்று வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால், முதலில் கதவைச் சாத்துவார்கள். பிறகு சாத்திய கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு, இனி வருவது எப்படி என்று சாயங்காலம் வரைக்கும் யோசிப்பார்கள்.

அந்த ஊரில் நாச்சிமுத்து என்று ஒருத்தர். நாற்பத்தைந்து வயசு, தூண் மாதிரி உடம்பு. ஊரில் எதைத் தூக்க வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பட்டணம் போய் வந்ததுதான் இந்தக் கதை.

மந்தம்பாளையத்துக்கும் பக்கத்து ஊரான சூரியம்புதூருக்கும் பொதுவாக ஒரு மாரியம்மன் கோயில். இந்த ஊர் எல்லையில் ஆனைப்பாறை, அந்த ஊர் எல்லையில் ஆமைப்பாறை. வருஷத் திருவிழாவான நோம்பி சாட்டினால் அம்மன் முதலில் எந்தப் பாறைக்கு எழுந்தருள வேண்டும், எந்த ஊர்த் தலைவர் தலையில் முதல் பரிவட்டம் கட்ட வேண்டும் என்று தகராறு. மூத்த பாறைக்குத்தான் முதல் மரியாதை என்பதில் இரண்டு ஊர்க்காரர்களும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். எது மூத்தது என்பதில் ஏழு பேருக்கு மண்டை உடைந்தது. பதினொரு வருஷமாக நோம்பி நின்று போனது. பொங்கலும் மாவிளக்கும் இல்லாமல் அம்மன் இரண்டு ஊரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவது சமாதானக் கூட்டத்தில் கோட்டாட்சியருக்குப் பசி வந்துவிட்டது. "போய் ரெண்டு பாறைக்கும் வயசு பாத்துட்டு வாங்கய்யா. எது மூத்ததோ அதுக்கே முதல் மரியாதைன்னு எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். இனி தன் பணிக்காலம் முடியும்வரை இவர்கள் வர மாட்டார்கள் என்று நினைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னார். மந்தம்பாளையத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது.

அன்றைக்கே பால் சொசைட்டி வாசலில் ஊர் கூடியது. தலைவர் சென்னியப்பர் நடுவில் உட்கார்ந்தார். எட்டாவது வரை படித்ததால் ஊருக்கே படித்தவரான குப்பண்ணன் நோட்டும் பேனாவுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாட்டுக்குப் பாக்கற மாதிரிதானுங்க மாமா. பல்லப் புடிச்சுப் பாத்தா வயசு தெரிஞ்சு போகும்" என்றார் நாச்சிமுத்து.

"பாறைக்கு ஏது மாப்ள பல்லு?" என்றார் தலைவர்.

நாச்சிமுத்து யோசித்தார். "அப்ப எல்லாம் கொட்டிப் போயிருக்குதுங்க. ரொம்ப வயசானதுதான்."

கூட்டத்தில் ஒரு மகிழ்ச்சி பரவியது. குப்பண்ணன் மட்டும் பேனாவை மூடினார். "ஆமைப்பாறைக்கும் பல்லு கெடையாதுங்க. நான் பாத்திருக்கறேன்."

பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் போனார்கள். அவர் இவர்களைத் துரத்துவதற்காக, பாறை பிறந்தபோது கூட இருந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மறுநாள் காலையில் ஆறு பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருத்தர், பிரசவம் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது என்று எழுதியே கொடுத்தார். அலுவலர் இரண்டு வாரம் விடுப்பில் போய்விட்டார்.

கடைசியில் தபால்காரர்தான் வழி சொன்னார். பட்டணத்துக் கல்லூரியில் தாட்சாயணி என்று ஒரு அம்மா இருக்கிறாராம். கல்லுக்கு டாக்டராம். எந்தக் கல்லைக் கொடுத்தாலும் வயசு சொல்லிவிடுவாராம்.

கல்லுக்கு டாக்டர் என்றதும் நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவருடைய வலது பக்கச் சிறுநீரகத்தில் ஆறு மில்லிமீட்டரில் ஒரு கல் இருந்தது. ஸ்கேன் எடுத்த படத்தை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். தூக்குகிற மனுசனுக்கு உள்ளே கல் இருப்பது தெரிந்தால் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பெண்டாட்டியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஊர் வேலையோடு வேலையாக அந்த அம்மாவிடம் தன் கல்லையும் காட்டிவிடலாம் என்று, "நானும் வர்றனுங்க மாமா" என்று முதல் ஆளாகக் கிளம்பினார்.

தாட்சாயணி பொறுமைசாலி. தலைவர், குப்பண்ணன், நாச்சிமுத்து மூன்று பேரையும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து விளக்கினார்.

"பாறை உருவாகறப்ப அதுக்குள்ள சிர்கான்னு மணல் மாதிரி குட்டிக் குட்டி மணி உண்டாகும். அந்த மணிக்குள்ள கொஞ்சம் யுரேனியம் மாட்டிக்கும். அது சும்மா இருக்காது. கொஞ்சங் கொஞ்சமா ஈயமா மாறிக்கிட்டே இருக்கும். எந்த வேகத்துல மாறும்னு நமக்குத் தெரியும். எவ்வளவு மாறியிருக்கு, எவ்வளவு மிச்சம்னு பாத்தா வயசு தெரிஞ்சிரும். கல்லுக்குள்ளயே ஒரு கடிகாரம் ஓடுதுன்னு வெச்சுக்குங்களேன்."

நாச்சிமுத்து மேசைமேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கல்லை எடுத்துக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். "இது நின்னு போச்சுங்க அம்மிணி" என்று இரக்கத்தோடு திருப்பி வைத்தார்.

"எத்தன நாள்ல மாறுமுங்க?" என்றார் தலைவர்.

"பாதி மாறவே நானூத்தம்பது கோடி வருஷம் ஆகும்."

"மிச்சம் பாதி?"

"அதுல பாதி மாற இன்னொரு நானூத்தம்பது கோடி. மிச்சத்துல பாதிக்கு இன்னொரு நானூத்தம்பது கோடி."

"அப்ப முடியவே முடியாதுங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

தலைவர் முகம் மலர்ந்தது. "எங்க சமாதானக் கூட்டமும் அப்படித்தானுங்க" என்றார். முதல் தடவையாக விஞ்ஞானம் அவருக்குப் புரிந்தது.

குப்பண்ணன் நோட்டில், 'ஈயம் கூடினால் வயசு கூடும்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

பிறகு அந்த அம்மா மூன்று விஷயம் சொன்னார். வெயில் மழை பட்டு உளுத்த மேல்கல் வேண்டாம், உள்ளே இருக்கிற கல்லாக ஒரு தேங்காய் அளவுக்கு வேண்டும். எந்தப் பாறை என்று எழுதி ஒட்ட வேண்டும். முக்கியமாக, வேறு எந்தக் கல்லோடும் அது சேரக் கூடாது.

மூன்றாவதைக் கேட்டதும் நாச்சிமுத்து சட்டைப்பைக்குப் போன கையை வெளியே எடுத்துவிட்டார். தன் வயிற்றுக்குள் இருப்பதும் கல்தானே என்று அவருக்கு உறைத்தது. படத்தைக் காட்டாமலே ஊர் திரும்பினார்.

மறுநாள் ஆனைப்பாறையை மூன்று தடவை சுற்றிப் பார்த்தார்கள். மொத்தப் பாறையும் வெளியில்தான் கிடந்தது. உள்ளே இருக்கிற கல் என்று ஒன்றுமே இல்லை.

"நம்ம வீட்டுக்குள்ள ஒண்ணு இருக்குது" என்றார் தலைவர்.

அது அவர் வீட்டு ஆட்டுக்கல்லின் குழவி. அவருடைய அப்பாரு காலத்தில் ஆனைப்பாறையில் இருந்தே உடைத்துச் செதுக்கியது. "எங்க கல்யாணத்துக்கு முந்தியிருந்து ஊட்டுக்குள்ளதான் இருக்குது. வெயிலே பாத்ததில்ல."

"நானுந்தான் பாத்ததில்ல" என்று சமையலறையில் இருந்து அவர் பெண்டாட்டி ராமாத்தாள் சொன்னார். அதைக் குப்பண்ணன் நோட்டில் எழுதவில்லை.

எழுதுவதற்கு அவருக்கு வேறு பெரிய விஷயம் இருந்தது. "ஒரு சந்தேகமுங்க. நாம கேக்கறது தாயோட வயசு. கொண்டு போறது புள்ளைய. புள்ளைக்கு வயசு கம்மியாத்தான இருக்கும்?"

ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் நாச்சிமுத்துதான் தீர்த்து வைத்தார். "நம்ம புள்ளையே அவுங்க தாய விட மூத்ததா இருந்துட்டா, அப்பறம் பேச்சே இல்லீங்களே."

குப்பண்ணன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ராமாத்தாள், "நாளைக்கு மாவுக்கு எங்க போறது?" என்று கேட்டார். ஊர் மானம் பெரிதா, இட்லி பெரிதா என்று தலைவர் கேட்டார். இட்லி என்றார் ராமாத்தாள். அதற்குள் நாச்சிமுத்து குழவியைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டார். குழவிமேல் 'ஆனைப்பாறை' என்று எழுதி ஒட்டினார்கள்.

பயணம் சுலபமாக இல்லை. பேருந்து நிறுத்தம் வரைக்கும் ஜல்லி கொட்டிய பாதை. குழவி ஜல்லியோடு சேர்ந்துவிடக் கூடாதே என்று அதற்கு ஒரு துண்டைப் போட்டுக் கண்ணைக் கட்டினார்கள். பேருந்தில் ஏறிய பிறகு, கல் வைத்த மூக்குத்தி போட்ட அம்மாக்களை எல்லாம் பின் சீட்டுக்குப் போகச் சொல்லித் தலைவர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். குப்பண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து மைல்கல் வரும்போதெல்லாம் "வருது, வருது" என்று எச்சரிக்க, நாச்சிமுத்து குழவியை மறுபக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். நடத்துனர் இரண்டு தடவை ஏதோ கேட்க வந்து, கேட்காமலே போய்விட்டார்.

பாதி வழியில் நாச்சிமுத்துவுக்கு வலி வந்தது. முதுகில் ஆரம்பித்து அடிவயிற்றுக்கு இழுத்தது. நெற்றி வியர்த்தது. வலியைவிடப் பெரிய வேதனை மனசில் இருந்தது. காலையில் இருந்து ஊர்க் கல்லைத் தன் கல்லோடு ஒட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாளைக்குக் கணக்குத் தப்பிப் போய், பரிவட்டம் புதூர்க்காரன் தலையில் ஏறினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

"மாமா" என்றார் மெதுவாக. "என்னைய மன்னிச்சுருங்க. எனக்குள்ளயும் ஒரு கல்லு இருக்குதுங்க."

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தப் பாறை மாப்ள?"

"கிட்னியிலீங்க."

தலைவரும் குப்பண்ணனும் தனியாகப் போய் முன் படிக்கட்டில் நின்று ஆலோசித்தார்கள். நாச்சிமுத்துவை இறக்கிவிடலாம் என்றால் குழவியைத் தூக்க ஆள் இல்லை. குழவியை இறக்கிவிடலாம் என்றால் நாச்சிமுத்து மட்டும் போய்ப் பிரயோசனம் இல்லை. திரும்பி வந்து குப்பண்ணன் கேட்டார்.

"கல்லு எந்தப் பக்கம்?"

"வலது பக்கமுங்க."

"அப்பக் குழவிய இடது பக்கம் வெச்சுக்க. நடுவுல முதுகெலும்பு இருக்குது. தாண்டி வராது."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு குழவியை இடப்பக்கம் மாற்றினார்.

பட்டணத்தில் இறங்கியதும் குப்பண்ணன் நோட்டைப் பிரித்து அடிக்கோடு போட்ட வரியைக் காட்டினார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஒருத்தர் உலை மூட்டி உட்கார்ந்திருந்தார்.

"இது தப்பில்லீங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"என்ன தப்பு? கலியாணத்துக்குப் போறவன் நரைக்கு மை பூசிக்கிட்டு வயசக் கொறைக்கறான். அவனப் போலீஸா புடிக்குது? நாம கொஞ்சம் கூட்டறோம்."

ஈயம் பூசுகிறவர் குழவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்னத்தச் சமைக்கப் போறீங்க?"

"சமைக்க இல்லீங்க. வயசுக்கு" என்றார் தலைவர்.

அவர் தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்தவர். மேற்கொண்டு கேட்காமல் இரண்டு கோட்டிங் பூசிக் கொடுத்தார். கல்லில் ஈயம் நிற்கவில்லை. இருந்தாலும் அங்கங்கே திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு வெயிலில் பளபளத்தது. தேமல் வந்த மாதிரி இருந்தாலும் வயசான களை வந்துவிட்டதாக மூன்று பேருக்கும் பட்டது.

தாட்சாயணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"ஆனைப்பாறையோட புள்ளைங்க" என்றார் தலைவர்.

"பளபளன்னு இருக்கே."

"வயசுங்க" என்றார் குப்பண்ணன்.

விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த அம்மா, பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், தான் சொன்னது காரீயம், இரண்டும் வேறு என்றார். குப்பண்ணன் நோட்டில் 'ஈயம்' என்பதை அடித்துவிட்டு 'காரீயம்' என்று திருத்தினார். எப்படியும் வெளியே என்ன பூசினாலும் கவலை இல்லை, வெட்டி உள்ளே இருப்பதைத்தான் எடுப்பேன் என்றும் சொன்னார். சொன்னபடி குழவியை இயந்திரத்தில் வைத்து இரண்டாக அறுத்தார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குக் குழவி தெரியவில்லை, ராமாத்தாள் முகம்தான் தெரிந்தது.

அறுத்த முகத்தைப் பார்த்த தாட்சாயணி புருவத்தைத் தூக்கினார். வெயில் படாத, உளுக்காத, வேறு எதுவும் கலக்காத கல். "என் மாணவங்க மூணு வருஷமாக் கொண்டு வர்றதுல இவ்வளவு நல்ல கல்லு வந்ததே இல்ல" என்றார்.

"சொன்னபடி செஞ்சமுங்க" என்றார் தலைவர் அடக்கமாக.

அந்த நல்ல நேரத்தில் நாச்சிமுத்து தன் படத்தை எடுத்து நீட்டினார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, தான் அந்த மாதிரி டாக்டர் இல்லை என்று சொல்லி, நல்ல ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

"சரிங்க அம்மிணி. வயசாவது சொல்லுங்க."

"ஒரு மூணு மாசம் இருக்கலாம்."

நாச்சிமுத்து படத்தை மெதுவாக மடித்தார். இத்தனை வலி கொடுத்தது ஒரு கைக்குழந்தையா என்று அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. மறுவாரமே ஆஸ்பத்திரிக்குப் போய் அதை உடைத்து வெளியேற்றிக்கொண்டார்.

சூரியம்புதூர்க்காரர்களும் ஒரு கல்லைக் கொண்டு போய்க் கொடுத்திருந்தார்கள். இரண்டு ஊருக்கும் முடிவு ஒரே நாளில், ஆடி மாசம் முதல் வாரத்தில் தபாலில் வந்தது. பால் சொசைட்டி வாசலில் நின்று குப்பண்ணன் படித்தார்.

ஆனைப்பாறைக்கு வயசு இருநூற்று ஐம்பத்திரண்டு கோடி வருஷம். ஆமைப்பாறைக்கும் அதேதான். பூமிக்கு அடியில் இரண்டும் ஒரே பாறை. ஒரே நேரத்தில் உருவாகி, இந்த ஊரில் ஒரு முனையும் அந்த ஊரில் ஒரு முனையும் மேலே தெரிகிறது. 'ஆகவே நீங்கள் சண்டை போட எதுவுமே இல்லை' என்று அந்த அம்மா கடைசியில் தன் கைப்பட எழுதியிருந்தார்.

ஊர் இடிந்து போய் உட்கார்ந்தது. பதினொரு வருஷம், ஏழு மண்டை, ஒரு குழவி. எல்லாம் வீண்.

"கோடி வருஷம் மூத்ததா இருக்கோணும்னு கூடக் கேக்கல. ஒரே ஒரு வயசு மூத்ததா இருந்திருந்தாப் போதும்" என்று தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

குப்பண்ணன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இன்னைக்கு ரெண்டுக்கும் ஒரே வயசு. நாம வாயத் தொறக்காம ஒரு வருஷம் காத்திருந்தா, நம்ம பாறைக்கு ஒரு வயசு கூடிப் போகுமா இல்லையா?"

இடிந்து உட்கார்ந்திருந்த ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஆனா ஒண்ணு" என்றார் குப்பண்ணன். "புதூர்க்காரனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவனும் காத்திருப்பான்."

ஆனைப்பாறைக்குக் கீழே பந்தல் போட்டு, ஒரு தினசரிக் காலண்டரை மாட்டினார்கள். தாள் கிழிக்கிற பொறுப்பை நாச்சிமுத்துவிடம் கொடுத்தார்கள். கல்லைச் சுமந்த கைக்கு ஊர் கொடுத்த மரியாதை அது. தினமும் குளித்துவிட்டு வந்து ஒரு தாள் கிழித்துப் பாறையைத் தொட்டுக் கும்பிட்டார்.

ஐந்தாம் நாள் தலைவர் அவரை ஆடு தேடுகிற மாதிரி புதூர் வரை போய்ப் பார்த்து வரச் சொன்னார். ஆமைப்பாறைக்குக் கீழே ஒரு புதூர்க்காரர் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் நாச்சிமுத்து.

"சும்மா உக்காந்திருக்கறனுங்க. நீங்க?"

"நானும் சும்மாதானுங்க வந்தேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். அந்த ஆள் முதுகுக்குப் பின்னால் ஒரு காலண்டரை மறைத்துக்கொண்டிருப்பதை நாச்சிமுத்து பார்த்துவிட்டார்.

செய்தி கேட்டுத் தலைவர் வெலவெலத்துப் போனார். "அவனுங்களும் காத்திருக்கறானுங்களா? அப்ப நம்ம கதி?"

"அவுங்க ஒரு நாளைக்கு ஒரு தாள்தானுங்க கிழிக்கறாங்க. கீழ கெடந்தத எண்ணிப் பாத்தனுங்க" என்றார் நாச்சிமுத்து. "நாம ரெண்டாக் கிழிச்சா?"

குப்பண்ணன் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். இந்த யோசனை தனக்கு ஏன் வரவில்லை என்பதை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து மந்தம்பாளையம் ஒரு நாளைக்கு இரண்டு நாள் வீதம் ஓடியது. ஆவணியிலேயே தீபாவளி வந்துவிட்டது. பட்டாசுக் கடை திறக்காததால் சட்டிகளை உடைத்துக் கொண்டாடினார்கள். கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்து அடுத்த சமாதானக் கூட்டத்துக்கு ஆள் வந்தபோது, அந்தத் தேதி போன மாசமே முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். டிசம்பர் கடைசித் தாளும் கிழிந்ததும் நாச்சிமுத்து கடைக்குப் போய் அடுத்த வருஷக் காலண்டர் கேட்டார். இன்னும் அச்சாகவே இல்லை என்றான் கடைக்காரன். "உங்க ஊருக்கு எல்லாமே லேட்டாத்தான் வருது" என்று வருத்தப்பட்டுவிட்டு வந்தார். குப்பண்ணன் கிழித்த தாள்களைப் பொறுக்கி, பின்பக்கம் புதுத் தேதி எழுதிக் கொடுத்தார்.

உலகமெல்லாம் தீபாவளிக்குத் துணி எடுக்கக் கடைவீதியில் அலைந்துகொண்டிருந்த வாரத்தில், மந்தம்பாளையத்தில் தை பிறந்தது. ஐப்பசி மழை ஊற்று ஊற்று என்று ஊற்றியது. ஆனைப்பாறை ஓரமாகக் குடைகளுக்குக் கீழே வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைத்தார்கள். ஊரே திரண்டு நின்றது. தலைவர் பட்டு வேட்டி கட்டியிருந்தார், முழங்கால் வரை சேறு. முதல் பானையில் பால் நுரை கட்டி விளிம்புக்கு ஏறியது. பெண்கள் குலவையிட வாயெடுத்தார்கள்.

நாச்சிமுத்து பதறிக் கையை ஆட்டினார். "மெதுவா, மெதுவா. புதூருக்குக் கேட்டுரும்."

பால் பொங்கி வழிந்தது. மந்தம்பாளையமே ஒன்றாகக் குனிந்து, பானை வாயருகில் போய், ரகசியமாக, "பொங்கலோ பொங்கல்" என்றது.